கற்பனைக் கோட்டை கட்டியவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

கல்லாலும் சுண்ணாம்பாலும் மன்னர்கள் கட்டிய கோட்டைகள் எத்தனையோ காலவெள்ளத்தில் கரைந்துபோயின. ஆனால், தாளும் எழுதுகோலும் கொண்டு கட்டப்பட்ட ஒரு கோட்டை ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் இடியாமல் நிற்கிறது. அதற்குக் கதவு உண்டு, பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே புகலாம். விரும்பினால் அதைப்போல் இன்னொரு கோட்டையைத் தம் வீட்டு மேசைமீது தாமே கட்டிக்கொள்ளலாம். அதைக் கட்டியவர் அரசர் அல்லர்; பொறியாளர் அல்லர்; பட்டதாரியும் அல்லர். அமெரிக்க நாட்டின் சிற்றூர் ஒன்றில் காலணி பழுதுபார்த்துக் குடும்பத்தைக் காத்த ஒரு மனிதர். அவர்தாம் எர்னஸ்ட் கேரி கைகாக்ஸ். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை உலகுக்கு அளித்த இருவருள் ஒருவர்.

விளையாட்டைச் செய்தவருக்கு ஒரு வாழ்க்கை வரலாறா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அந்த விளையாட்டு எத்தகையது என்பதை அறிந்தால் இக்கேள்வி எழாது.

ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவருள் ஒருவர் நடுவர். அவர் ஓர் உலகத்தையே கற்பனை செய்து, வரைபடமாகவும் குறிப்பாகவும் எழுதி வைத்திருக்கிறார். அதில் காடு உண்டு, மலை உண்டு, பாழடைந்த கோட்டை உண்டு. அக்கோட்டையின் கீழே நிலவறைகளும், அவற்றுள் பூதங்களும் புதையல்களும் உண்டு. ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். ஒருவர் மறவன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூசகர். எதிரே தெரிவது என்ன என்று நடுவர் கூறுவார். தம் பாத்திரம் செய்வது என்ன என்று மற்றவர் கூறுவர். அது கைகூடுமா என்பது ஐயமானால் பகடை உருளும். அதன் தீர்ப்பே தீர்ப்பு. கதையை யாரும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. ஓர் இரவில் அது முடிவதும் இல்லை. அதே பாத்திரங்களோடு வாரந்தோறும் கூடி, ஆண்டுக்கணக்கில் தொடர்வோரும் உண்டு. வென்றவர், தோற்றவர் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. சுருங்கச் சொன்னால், கேட்பவர் எல்லாரும் கூடவே சேர்ந்து படைக்கும் கதை இது.

இளமை

கைகாக்ஸ் 1938-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27-ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறியவர். சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். அவர் இரவு வேளைகளில் மகனுக்கு மந்திரக் கிழவர்களும் மாய மோதிரங்களும் நிறைந்த கதைகளைத் தாமே புனைந்து சொல்வாராம். விதை அங்கே விழுந்தது.

1946-இல் குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த லேக் ஜெனீவா என்னும் ஏரிக்கரை ஊருக்குக் குடிபெயர்ந்தது. தாயின் முன்னோர் வாழ்ந்த ஊர் அது. அங்கே பயன்பாடின்றிக் கிடந்த பழைய மருத்துவமனை ஒன்றின் இருண்ட அறைகளிலும் சுரங்க வழிகளிலும் சிறுவன் கேரி நண்பர்களோடு நுழைந்து திரிந்தான். சிறுவயதிலேயே சதுரங்கம் பழகினான். ராபர்ட் ஹோவர்ட், ஜாக் வான்ஸ், ஃபிரிட்ஸ் லைபர் முதலியோரின் வீரக் கதைகளையும் மாயக் கதைகளையும் கையில் கிடைத்த அளவெல்லாம் படித்தான். பிற்காலத்தில் ஒரு விளையாட்டாக உருவெடுத்த பொருள்கள் எல்லாம் இச்சிறுவனின் நெஞ்சில் முன்பே சேர்ந்துவிட்டன எனலாம்.

ஆனால் படிப்பு நிலைக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியை முடிக்காமலே வெளியேறினார். 1956-இல் தந்தையும் மறைந்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே, படிப்பை நிறுத்தியவரைப் புகழ என் பேனா சற்றே தயங்குகிறது. எனினும் உண்மையைக் கூறியாக வேண்டும். அவர் பள்ளியை விட்டாரேயன்றி நூலை விடவில்லை. வேலைக்குச் சென்றுகொண்டே மாலை வகுப்புகளில் பயின்றார். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் சிறுபணியில் தொடங்கிப் பின்னர் இன்னொரு நிறுவனத்தில், யாருக்கு எவ்வளவு இடர் என்று கணித்துக் காப்பீட்டை ஏற்கும் அலுவலராக உயர்ந்தார். இடரை எண்ணால் அளக்கும் அத்தொழில் பின்னாளில் அவருக்கு வேறொரு வகையில் கைகொடுத்தது.

மணல் மேசை

1958-இல் திருமணம். குடும்பம் பெருகியது. ஓய்வு நேரம் முழுவதும் போர் விளையாட்டுகளில் கழிந்தது. வரலாற்றுப் போர்களைச் சிறு பொம்மை வீரர்களைக் கொண்டும், அட்டைத் துண்டுகளைக் கொண்டும் மீண்டும் நடத்திப் பார்க்கும் விளையாட்டுகள் அவை. வீட்டின் நிலவறையில் மணல் பரப்பிய பெரிய மேசை ஒன்றை அமைத்து, அதன்மேல் மலையும் ஆறும் வகுத்துப் படைகளை நிறுத்தினார்.

1968-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஊர் மண்டபம் ஒன்றை ஐம்பது டாலருக்கு வாடகைக்கு எடுத்து, இவ்விளையாட்டில் நாட்டம் உடையோரை ஒன்றுகூட்டினார். ஏறத்தாழ நூறு பேர் வந்தனர். 'ஜென் கான்' என்ற பெயரில் அக்கூட்டம் இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. 1969-இல் நடந்த இரண்டாம் கூட்டத்தில் டேவ் ஆர்னெசன் என்னும் இளைஞரைச் சந்தித்தார். அவர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றவர். நம்மைப்போல் ஒரு மாணவர். அந்தச் சந்திப்பே இருவர் வாழ்விலும் திருப்புமுனை ஆயிற்று.

1970-இல் கைகாக்ஸுக்கு வேலை போயிற்று. வயது முப்பத்திரண்டு, ஐந்து குழந்தைகள். என் செய்வார்? காலணி பழுதுபார்க்கும் தொழிலைக் கற்று, வீட்டின் நிலவறையிலேயே பட்டறை அமைத்தார். பகலில் தோலும் ஊசியும், இரவில் தாளும் தட்டச்சுப் பொறியும் என்று நாள்கள் நகர்ந்தன. உழைப்பில் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையில் பேசுவது எளிது. அதை வாழ்ந்து காட்டுவது அரிது.

இரு நண்பர்கள், இரு கோட்டைகள்

1971-இல் ஜெஃப் பெரன் என்னும் நண்பருடன் சேர்ந்து, இடைக்காலப் போர்களுக்கான விதிநூல் ஒன்றைக் கைகாக்ஸ் வெளியிட்டார். செயின்மெயில் என்பது அதன் பெயர். அதன் பின்னிணைப்பில் பறக்கும் நாகங்களுக்கும் மந்திரவாதிகளுக்கும் விதிகள் இருந்தன. அவ்வளவில் அது படைகளின் விளையாட்டே.

அதே காலத்தில் மின்னசோட்டாவில் வேறொரு புதுமை நிகழ்ந்துகொண்டிருந்தது. டேவிட் வெஸ்லி என்பவர் 1969-இல் ஒரு கற்பனை ஜெர்மானிய ஊரைக் களமாகக் கொண்டு, ஆடுவோர் ஒவ்வொருவருக்கும் ஒரு படையைக் கொடுக்காமல் அவ்வூரின் ஒரு மனிதரைக் கொடுத்தார். ஆர்னெசன் அதை மேலும் வளர்த்தார். பிளாக்மூர் என்னும் கற்பனை நாட்டையும், கோட்டையையும், அதன்கீழ் நிலவறைகளையும் படைத்து, 1971 முதல் நண்பர்களைக் கொண்டு தொடர்ந்து ஆடினார். ஆடுபவர் தம் பாத்திரத்தை வாரத்துக்கு வாரம் காப்பாற்றி வளர்க்கலாம்; பட்டறிவு கூடக்கூட வலிமையும் கூடும். இதுவே அந்தப் புதுமை.

1972-ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்னெசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து, கைகாக்ஸின் வீட்டு மேசையில் பிளாக்மூரை நடத்திக் காட்டினார். கைகாக்ஸ் மெய்மறந்தார். படையை நடத்துவது வேறு. ஓர் ஆளாகவே இருட்டில் நடப்பது வேறு அன்றோ! ஆர்னெசனின் குறிப்புகளைக் கேட்டுப் பெற்றார். தாமும் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார். கிரேஹாக் கோட்டை பிறந்தது.

அந்தக் கோட்டையின் முதல் இரவை எண்ணும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்குகிறது. முதலில் உள்ளே நுழைந்தவர்கள் பெரியவர்கள் அல்லர். அவருடைய மகன் எர்னியும் மகள் எலிஸும்தாம். நிலவறையில் நச்சுப் பூச்சிகளை எதிர்த்து வென்ற அவ்விரு குழந்தைகளும் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தனர். உள்ளே மூவாயிரம் செப்புக் காசுகள்! ஆனால் பெட்டியைத் தூக்க முடியவில்லை, அவ்வளவு கனம். குழந்தைகளின் முகம் வாடிற்று. தந்தை விட்டுக்கொடுக்கவில்லை. கனம் கனந்தான், கற்பனை உலகத்துக்கும் நேர்மை வேண்டும். குழந்தைகள் உறங்கச் சென்றதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? உட்கார்ந்து இரண்டாம் அடுக்கை வரையத் தொடங்கினார். மறுநாள் டான் கே முதலிய நண்பர்களும் வந்து சேர்ந்தனர். சில மாதங்களில் ஒரே அமர்வில் இருபது பேர்வரை கூடும் நிலை ஏற்பட்டது.

உலகம் படைக்க விரும்புவோர்க்கு இங்கே பெரும் பாடம் உள்ளது. அவர் முழு உலகத்தையும் செய்து முடித்துவிட்டு விருந்தினரை அழைக்கவில்லை. ஓர் அடுக்கு வரைந்தார், அழைத்தார். அவர்கள் போகும் வழியறிந்து அடுத்ததை வரைந்தார். கோட்டைக்குப் பின்னரே நகரம் வந்தது. நகரத்துக்குப் பின்னரே நாடு வந்தது. நாட்டுக்கு வரைபடம் தேவைப்பட்டபோதும் புதிதாகத் துன்புறவில்லை. வட அமெரிக்க வரைபடத்தையே எடுத்துக்கொண்டு, சிகாகோ இருக்கும் இடத்தில் கிரேஹாக் நகரை வைத்தார். கோட்டையைக் கட்டிய பித்துப்பிடித்த மந்திரவாதிக்கு, தம் பெயரையே தலைகீழாகப் புரட்டினாற்போல் ஜாகிக் என்று பெயரிட்டார். அடித்தளம்வரை சென்று அவனைக் காண்பவர் ஒரு சறுக்கு வழியே விழுந்து உலகின் மறுபுறம் போய்ச் சேர்வர். உயிர் பிழைத்து வந்தவர்க்கு அவர் வைத்த பரிசு அது!

பகடையும் கணிதமும்

கணித மாணவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பள்ளிகளுக்குப் பாடக்கருவி விற்கும் நிறுவனம் ஒன்றின் பொருட்பட்டியலில், நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்ட பகடைகளைக் கைகாக்ஸ் கண்டார். நாம் வடிவியலில் படிக்கும் ஐந்து ஒழுங்குத் திண்மங்கள் அவை. கிரேக்க நாட்டு பிளேட்டோவின் பெயரால் வழங்கும் அவ்வடிவங்களை இவர் விளையாட்டு மேசைக்குக் கொண்டுவந்தார்.

ஏன் இத்தனை பகடைகள்? இருபது முகப் பகடையில் ஒவ்வோர் எண்ணுக்கும் நிகழ்தகவு ஒன்றே, நூற்றுக்கு ஐந்து. ஆனால் ஆறு முகப் பகடை மூன்றை ஒருங்கே உருட்டினால் 216 வழிகள் உண்டு. கூட்டுத்தொகை 18 வருவதற்கு ஒரே வழி. 10 வருவதற்கோ 27 வழிகள். ஆகவே பாத்திரத்தின் வலிமையையும் அறிவையும் மூன்று பகடைகளால் முடிவுசெய்தால், நடுத்தரமானோர் மிகுவர், மாவீரர் அரியர். உலக இயல்பும் அதுதானே! இவ்வேறுபாட்டைக் கைகாக்ஸ் நடுவர்களுக்கு 1979-இல் எழுதிய நூலில் விளக்கியே இருக்கிறார். இடரை எண்ணால் அளந்த காப்பீட்டு அலுவலரின் கை அதில் தெரிகிறது.

ஆயிரம் பெட்டிகள்

விளையாடிப் பார்த்து, திருத்தி, மீண்டும் விளையாடி, விதிகளைத் தட்டச்சு செய்தார். முதல் படி ஏறத்தாழ ஐம்பது பக்கம். அடுத்த படி நூற்றைம்பது பக்கம். அச்சிடப் பணம்? 1973 அக்டோபரில் இளமைத் தோழர் டான் கேயும் இவரும் ஆளுக்கு ஆயிரம் டாலர் என்ற திட்டத்துடன் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். கே தம் ஆயுள் காப்பீட்டின்மீது கடன் வாங்கிப் பங்கு செலுத்தினார். அதுவும் போதவில்லை. பிரையன் புளூம் என்பவர் பணத்தோடு வந்து மூன்றாம் பங்காளி ஆனார். 1974 ஜனவரியில் கைகாக்ஸ், ஆர்னெசன் இருவர் பெயரையும் தாங்கி மூன்று சிறு நூல்கள் ஒரு பெட்டியில் வெளிவந்தன. விலை பத்து டாலர். அச்சிட்டவை ஆயிரம். கையாலேயே பெட்டிக்குள் அடுக்கி அனுப்பினர். ஓர் ஆண்டுக்குள் ஏறத்தாழ அத்தனையும் விற்றன.

ஆனால் கேயால் அந்த வெற்றியை நெடுநாள் காண முடியவில்லை. 1975 ஜனவரி இறுதியில் மாரடைப்பால் மறைந்தார். அவருடைய பங்குகளை வாங்கக் கைகாக்ஸிடம் பணம் இல்லை. புளூம் குடும்பத்தார் வாங்கினர். தாம் தொடங்கிய நிறுவனத்திலேயே கைகாக்ஸ் சிறுபான்மைப் பங்குதாரர் ஆனார். அன்று விழுந்த அச்சிறு விரிசல் பத்து ஆண்டுகளுக்குப் பின் பெரும் பிளவாயிற்று.

பூட்டு விழுந்த கதவு

முதல் நூல்களின் முடிவில் ஒரு செய்தி இருந்தது. விதிகள் வழிகாட்டிகளே, ஐயம் எழுந்தால் நீங்களே முடிவு செய்யுங்கள், உங்களுக்கான கற்பனையை நாங்கள் ஏன் செய்து தர வேண்டும் என்பது அதன் சாரம். படித்தவர்கள் அவ்வாறே செய்தனர். ஆயிரக்கணக்கான மேசைகளில் ஆயிரக்கணக்கான உலகங்கள் முளைத்தன. ஓர் ஊரின் விதி அடுத்த ஊரில் இல்லை.

புகழ் வளர வளரக் கைகாக்ஸின் மனம் மாறியது. 1977 முதல் 1979 வரை, விரிவாக்கிய விதிகளை மூன்று பெருநூல்களாக எழுதினார். எங்கும் ஒரே விதி வேண்டும் என்று விரும்பினார். விதிகளைத் தம் விருப்பம்போல் மாற்றுவோர் ஆடுவது தம் விளையாட்டே அன்று என்ற கருத்தில் இதழில் எழுதவும் செய்தார். கதவைத் திறந்து வைத்தவரே பூட்டைத் தேடினார். அந்நூல்களில் ஆர்னெசனின் பெயர் இணையாசிரியராக இடம்பெறவில்லை. உரிமைத் தொகையும் மறுக்கப்பட்டது. 1979-இல் ஆர்னெசன் வழக்குத் தொடுத்தார். 1981-இல் உடன்பாடு ஏற்பட்டு, இணைப் படைப்பாளர் என்ற நிலை அவருக்கு உறுதியாயிற்று. ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஓர் உலகத்தைக் கண்ட இருவர் வழக்குமன்றத்தின் இரு புறமும் நிற்க நேர்ந்தது. பெருமக்களின் வாழ்வை எழுதுவோர் இத்தகைய பக்கங்களை மறைப்பது வழக்கம். மறைத்தால் பாடம் எங்கிருந்து வரும்?

காலம் அவருக்கும் அதே பாடத்தைத் திருப்பிக் கற்பித்தது. 1983-இல் அவர் தொலைக்காட்சிப் படம் எடுக்கக் கலிபோர்னியா சென்றார். அங்கிருந்தபோது நிறுவனம் கடனில் மூழ்கியது. மீட்க வந்தார். தாமே நிர்வாகத்துக்கு அழைத்து வந்தவரிடம் புளூம் குடும்பத்தார் தங்கள் பங்குகளை விற்றனர். 1985 அக்டோபரில் அதிகாரம் கைவிட்டுப் போயிற்று. வழக்கிலும் தோற்றார். 1986-ஆம் ஆண்டு முடிவதற்குள் நிறுவனத்தை விட்டே நீங்கினார். கிரேஹாக் என்னும் பெயரும் அவருடையதாக இல்லை. 1988-இல் அந்நிறுவனம் அவருடைய கோட்டையை ஒரு நகைச்சுவைப் பொருளாக்கி நூல் வெளியிட்டது. குழந்தைகள் உறங்கியபின் விழித்திருந்து வரைந்த கோட்டை அது! அவர் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்?

மீண்டும் மேசைக்கு

ஆயினும் அவர் ஒடிந்துவிடவில்லை. புதிய விளையாட்டுகள் எழுதினார், புதினங்கள் எழுதினார். பழைய நிறுவனம் 1997-இல் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2000-ஆம் ஆண்டில் விளையாட்டின் அடிப்படை விதிகள் பொது உரிமத்தின்கீழ் பிறர் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டன. அதன் பயனாய்ப் பலர் தத்தம் உலகங்களை அச்சேற்றினர்.

கைகாக்ஸும் முதுமையில் தம் கோட்டையை முழுமையாக அச்சேற்ற முனைந்தார். பழைய பெயர் பிறர் உடைமை. ஆகவே மந்திரவாதியின் பெயரால் அதை ஜாகிக் கோட்டை என்றார். முதல் நூல் 2005-இல் வந்தது. ஆனால் 2004-இல் தாக்கிய பக்கவாதத்துக்குப் பின் உடல் ஒத்துழைக்கவில்லை. 2008 மார்ச்சு 4-ஆம் நாள், அறுபத்தொன்பதாம் வயதில், லேக் ஜெனீவாவில் தம் இல்லத்தில் காலமானார். கோட்டை அச்சில் நிறைவு பெறவேயில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஆர்னெசனும் மறைந்தார்.

மறைவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புவரை அவர் வாரந்தோறும் தம் வீட்டில் ஆட்டத்தை நடத்தி வந்தார். பணம் வந்தது, போயிற்று. நிறுவனம் வந்தது, போயிற்று. மேசையும் நண்பர்களும் மட்டும் இறுதிவரை உடன் இருந்தனர்.

நண்பர்களே! கோட்டை முற்றுப்பெறவில்லை என்று நான் வருந்தியதுண்டு. பிறகு எண்ணிப் பார்த்தேன். அச்சில் முற்றுப்பெறாத அக்கோட்டை, தாள் எடுத்து முதல் அறையை வரையும் ஒவ்வோர் இளைஞனின் கையிலும் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அவர் தமக்கென்று பூட்டி வைக்க முயன்றவை அவரை விட்டுப் போயின. பிறர்க்கென்று திறந்துவிட்டது மட்டும் நிலைத்தது. அறிவும் அத்தகையதே. முதன்முதலாகக் கல்வியின் வாயிலைக் கடந்து வந்த நாம், நமக்குப் பின்னே வருவோர்க்கு அக்கதவைத் தாழிடாமல் திறந்தே வைப்போமாக! ஓர் அடுக்கை வரைந்து முடித்தவர் அன்றிரவே அடுத்த அடுக்கைத் தொடங்குவோமாக!